இரண்டு குளிர்காலம் தாண்டி எரியும் விறகு

சனிக்கிழமை காலை 8.10. ரூஜ் புறநகரில் என் வீட்டு வாசலில் குளிர் மைனஸ் இரண்டு பாகை. வான் வண்டியைக் கிளப்பும்போது மனைவி ஜெயா கண்ணாடியைத் தட்டினாள். "இண்டைக்கும் வீடு முழுக்கப் புகை எண்டால், திங்கக்கிழமை அந்த அடுப்பைக் கழட்டி வித்துப்போடுவன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள் அவள்.

போன மாசியில் உறைபனி மழை மின்கம்பிகளை அறுத்தபோது, வீட்டைச் சூடாக்கும் எங்கள் காஸ் ஃபேர்னஸ் மின்சாரமில்லாமல் நின்றுவிட்டது. சின்ன மகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் தெரிந்தவர் வீட்டு ஹோலில் படுத்தோம். இனி இந்த வீட்டை விட்டு ஓடுவதில்லை என்றுதான் விறகடுப்புப் பூட்டினேன். சித்திரையில் வெட்டிய மேப்பிள் கட்டைகளை வாங்கி, ஊரில் மாரிக்கு மூடுவதுபோலத் தறப்பாளால் சுற்றிவர இறுக்கிக் கட்டினேன். ஊரில் இரண்டு மாத வெயில் போதும். இங்கும் போதும் என்று நினைத்த மடையன் நான். போன கிழமை மூட்டியபோது கட்டையின் முனையில் நுரை தள்ளியது, வீடெல்லாம் புகை. இன்று மாலை மறுபடி உறைபனி மழையாம். அதற்குள் காய்ந்த விறகோடு திரும்பவேண்டும்.

8.50. ஸ்ரௌவ்வில் நகரம். மரியதாஸ் அண்ணை ட்ரெய்லரோடு தயாராக நின்றார். மன்னார்க்காரர், பஸ் மெக்கானிக், ஒன்பது குளிர்காலமாக விறகில் வீட்டைச் சூடாக்குபவர். ட்ரெய்லரை வானின் பின்னால் கொழுவிக்கொண்டு வடக்கே பன்னிரண்டு கிலோமீற்றர் போனோம். புது வீடுகள் சட்டென்று முடிந்து வயல்கள் தொடங்கின.

9.20. விறகு விற்கும் தோட்டக்காரர் அறுபது வயது வெள்ளைக்காரர். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன மேப்பிள் கட்டையைப் பிளந்து, ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் உள்ளே குத்தினார். ஈரம் முப்பத்துநான்கு வீதம். இருபதுக்குக் கீழே வரவேண்டுமாம். அவரிடம் இருந்த காய்ந்த விறகெல்லாம் ஐப்பசியிலேயே விற்றுப்போய்விட்டது. மிச்சம் புதிதாக வெட்டிய ஓக் மரம், ட்ரெய்லர் நிறைய நூற்று நாற்பது டொலர். எரிக்க இரண்டு வருடம் காயவேண்டும். விழுந்த மரங்களையும் நெருக்கி நிற்பவற்றையும் மட்டும் வெட்டுவதால், தகப்பன் காலத்தைவிடத் தன் காடு அடர்த்தி என்று காட்டினார். எனக்குக் காடு பார்க்கும் மனநிலை இல்லை.

"தம்பி, வாங்கும்" என்றார் அண்ணை.

"எனக்கு இண்டைக்கெல்லோ வேணும், அண்ணை."

"இண்டைக்கு எரிக்க என்ரை அடுக்கில இருந்து தாறன். இதில பாதியை என்ரை வளவில இறக்கும். விறகு எரிக்கிற ஆக்களுக்குள்ளை இதுதான் வழக்கம். காய்ஞ்சதை எடுத்தால் பச்சையை வைக்கவேணும்."

இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம். அரிசி ஒரு மாதத்துக்கு, வீட்டுக் கடன் ஐந்து வருடத்துக்கு என்று வாழ்ந்தவன், இரண்டு குளிர்காலத்துக்கு அப்பால் எரிக்க ஒரு பொருளை வாங்கியதேயில்லை. வெட்கமாக இருந்தது. வாங்கினேன்.

1.15. வீடு. அண்ணையின் வளவில் பாதி ஓக்கை இறக்கிவிட்டு ஏற்றிவந்த காய்ந்த கட்டைகள் ஒன்றோடொன்று தட்டக் கணீரென்றன. 4.40க்கு மழை தொடங்க, அடுப்பை மூட்டினேன். வெளியே ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். புகைபோக்கியின் மேல் புகையில்லை, சூட்டுக் காற்று மட்டும் நடுங்கியது.

6.20. தெரு முழுக்க மின்சாரம் போனது. மகள் அடுப்புக்கு முன்னால் காலுறையைக் கழற்றிவிட்டு விளையாடினாள். ஜெயா யன்னலால் வாசலில் கிடந்த பச்சை ஓக்கைப் பார்த்தபடி நின்றாள்.

"நாளைக்கு அந்த ஓக்கை வேலியோட அடுக்குவம்" என்றாள். "ஒரு பக்கமாத் தள்ளி அடுக்குங்கோ. அதுக்கடுத்த வருசத்து விறகுக்கும் இடம் வேணும்."