ரேடியோ அக்காவும் சம்பந்தி வளைவும்

என் அக்காவிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கார்ல உக்காந்து பேசற வேலை" என்பாள். கேட்டவர் டாக்ஸி கம்பெனி என்று நினைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். விஷயம் அதுவல்ல. ஊருக்கு வெளியே ஒரு கார் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே வேகமாக ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அக்கா மாஸ்டர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இவள் பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக உட்கார்ந்திருப்பாள். அவள் காலுக்கடியில் பிரேக் கிடையாது.

எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் தூக்கம் வராது. அக்கா இதை வம்பு என்பாள், நான் ஆர்வம் என்பேன். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டு வந்த கேள்வி ஒன்றுதான்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு அந்த வேகத்துல ஓட்டறாரு. நிறுத்த உன்கிட்ட ஒண்ணுமே இல்ல. எப்படிக்கா உக்கார்ற?"

"நான்தான் பேசிக்கிட்டே இருப்பேன்ல" என்பாள். இது ஒரு பதிலா என்று நான் முறைப்பேன்.

பேச்சு என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு எங்கள் வீட்டில் உதாரணமே அவள்தான். மைதானத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். கார் பாய்ந்து போகும்போது 'பிரேக்' என்று சொல்லி முடிப்பதற்குள் பாதித் தெரு கடந்துவிடும். ஆகவே நடப்பதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. எப்போதும் அடுத்த வளைவைப் பற்றித்தான் பேச்சு. இந்த வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும்போதே அவள் வாய் அடுத்த வளைவுக்குப் போய்விட்டிருக்கும்.

அந்தப் பாதையில் எல்லோரையும் படுத்தி எடுக்கும் வளைவு ஒன்று உண்டு. நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடத்தில் தரை லேசாக மேடேறி, மறுபக்கம் வலதுபுறமாகச் சரியும். ஆரம்பத்தில் தாராளமாக இருக்கும், போகப்போக இறுகும். நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு சம்பந்தி வளைவு என்று பேர் வைத்தவளும் அக்காதான். "நிதானமா உள்ள போனா சிரிச்ச முகமா வழியனுப்பும். அவசரப்பட்டு நுழைஞ்சா அப்புறம் நீ எது செஞ்சாலும் தப்பாத்தான் முடியும்" என்பாள். பதறாத காரியம் சிதறாது என்று யாரோ அந்த வளைவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதை எப்படிக் கடப்பது என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்காட்டினாள்.

"பிரேக்க நேரா போகும்போதே முடிச்சிடணும். பிரேக்கிலேருந்து கால எடுக்கறது எப்படின்னா, தூங்கற குழந்தையோட தலைக்கடியிலேருந்து கைய உருவற மாதிரி. மனசு 'திருப்பு'ன்னு சொல்லும். உடனே திருப்பக்கூடாது, ஒரு மூச்சு பொறுக்கணும். சீக்கிரம் திருப்பினா கடைசியில ரோடு பத்தாது. உள்ள போய் ஆக்ஸிலரேட்டர்ல கால் வெச்சாச்சுன்னா பயந்து வெடுக்குன்னு எடுக்கக்கூடாது. எடுத்தா எடை மொத்தமும் முன்பக்கம் சாஞ்சிடும், பின்சக்கரம் லேசாகி வண்டி வாலச் சுழட்டிடும். எல்லாத்துக்கும் மேல கண்ணு. கண்ணு போற எடத்துக்குக் கை போகும், கை போற எடத்துக்குக் கார் போகும். வெளிய போற வழி தெரியலன்னாலும் அது வரப்போற எடத்தையே பாத்துக்கிட்டிருக்கணும்."

"தெரியாத எடத்த எப்படிக்கா பாக்கறது?"

"அதச் சொல்லத்தான நான் பக்கத்துல இருக்கேன்."

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், அக்காவைவிட மூத்தவர், ஆனாலும் வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' போடுவார். இந்த வயதில் இது எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "பயம் எங்கேருந்து கெளம்புதுன்னு பாக்கணும் மேடம்" என்றாராம். அந்த ஒரு பதிலுக்காகவே அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சொன்னதை ஒருமுறைக்கு மேல் சொல்ல வைக்க மாட்டார். மற்ற வளைவுகளில் எல்லாம் அழகாகப் போவார். சம்பந்தி வளைவின் நடுவில் மட்டும் ஏதோ ஆகும். காலை வெடுக்கென்று எடுத்துவிடுவார், வண்டி வாலை ஆட்டும். ஒருதடவை முழுதாகச் சுற்றிப் புல்வெளியில் போய் நின்றது. இறங்கிப் புல்லிடமும் மன்னிப்புக் கேட்காத குறைதான். அக்கா விடவில்லை. "விடாதீங்க சார், கால விடாதீங்க, அங்க பாருங்க, அங்க!" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். அவர் தவறத் தவற இவள் குரல் ஏறியது. வாரக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் காலை எழுந்து வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுக் குரல் நாண்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருப்பதாகச் சொன்னார். "ஆறு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னு பேசறதுகூடக் கூடாது. மீறிக் கத்தினீங்கன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் என்ன குரல் வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வீடு அமைதியானது. அத்தான் முதல் இரண்டு நாள் பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரித்தான் இருந்தார். துண்டைக் கட்டில்மேல் போட்டார், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார், கேட்க ஆளில்லை. மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்று, "ஏதாவது சொல்லேன், கையாலயாவது திட்டேன்" என்று கெஞ்சினார். சிரிப்பாக இருந்தாலும் எனக்கும் அதே நிலைமைதான்.

நான் பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறேன். அன்று லீவு போட்டுவிட்டு அக்காவுடன் மைதானத்துக்குப் போனேன், அவளுக்குப் பதிலாகப் பேச ஒரு வாய் வேண்டுமே. பள்ளி முதலாளி கெட்டவர் இல்லை. "ஆபத்துன்னா 'நிறுத்து'ன்னு சொல்ற ஆள்தாம்மா மாஸ்டர். அதுவே முடியாதுன்னா எந்த தைரியத்துல உக்கார வெப்பேன்? திங்கக்கிழமையிலேருந்து ரிசப்ஷனப் பாத்துக்கட்டும். அந்த சீட்டுக்கு வேற ஆளப் போட்டுடறேன்" என்றார்.

"ரிசப்ஷன்ல மட்டும் பேச வேணாமா சார்?" என்று கேட்டேன். அவர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆறு வாரம் கழித்துக் குரல் வந்தாலும் சீட் திரும்ப வராது என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்த சீட். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பஸ் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனில் பழைய வீடியோக்களை ஓடவிட்டாள். முன்கண்ணாடியில் இருக்கும் கேமரா உள்ளே இருக்கும் இருவர் முகத்தையும் எடுத்திருக்கும். தன் குரலைக் கேட்கச் சகிக்காமல் சத்தத்தை அணைத்திருந்தாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கடைக்காரர் ஓட்டுகிறார், அக்கா வாயசைக்கிறாள், வண்டி ஆடுகிறது. அடுத்த சுற்றிலும் அதேதான்.

எங்கள் கிளினிக்கில் நோயாளியின் வாய்க்குள் எப்போதும் ஏதாவது கருவி இருக்கும், அதனால் வலியை வாய் சொல்லாது. கண்தான் சொல்லும். இத்தனை வருஷத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. அதனால் கேட்டேன்.

"ஏன்க்கா, நீ வாயத் தொறக்கும்போதெல்லாம் அவரு ஏன் உன்னைப் பாக்கறாரு?"

அக்கா வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். ஒரு இமைப்பொழுதுதான். அவள் உதடு அசைகிறது, அவருடைய கண் சாலையை விட்டு அவள் பக்கம் வருகிறது, உடனே திரும்பிப் போகிறது. போன இடத்தில் சாலை முன்பிருந்த மாதிரி இல்லை. திடுக்கிட்டுக் காலை எடுத்துவிடுகிறார். எல்லாச் சுற்றிலும் இதுதான். 'அங்க பாருங்க' என்று இவள் கத்துவதே அவரை இங்கே பார்க்க வைத்திருக்கிறது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன் விளையாட்டாக. அவள் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பால்கனிக்குப் போனாள். நான் என் வாயையும் கட்டிப்போட்டிருக்கலாம்.

வெகுநேரம் கழித்து உள்ளே வந்து எனக்கு நீளமாக ஒரு மெசேஜ் தட்டினாள். மறுநாள் அதை நான் முதலாளியிடம் என் குரலில் சொன்னேன். கையால் மூன்றே சைகைகள், ஓட்டுபவர் முகத்தைத் திருப்பாமலே தெரியும்படி டாஷ்போர்டின் மேல். உள்ளங்கை படிந்திருந்தால் பிரேக். மெதுவாக உயர்ந்தால் பிரேக்கிலிருந்து காலை எடு. முஷ்டியால் தட்டினால் நிறுத்து. வளைவுக்குள் நுழைந்தபின் எந்தச் சைகையும் கிடையாது. முதலாளி தாடையைச் சொறிந்தார். வீடியோவையும் பார்த்தார். "சனிக்கிழமை அதே ஆள வெச்சுப் பாப்போம். சம்பந்தியில அவரு ஒழுங்கா வெளிய வந்தா சீட்டு உங்க அக்காவுக்கு. இல்லன்னா நான் சொன்னதுதான்" என்றார்.

சனிக்கிழமை கண்ணாடிக்கடைக்காரரிடம் சைகைகளை விளக்கியது நான்தான், கார் ஓட்டவே தெரியாத நான். கண் விஷயத்தை அவரிடம் சொல்லக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகத் தடுத்திருந்தாள். சொன்னால் 'பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது' என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாராம். அது நியாயமாகத்தான் பட்டது.

முதலாளியும் நானும் வளைவின் வெளியேறும் பக்கத்து வேலியோரம் போய் நின்றோம். அங்கிருந்தும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். "கண்ண விடு, காதக் குடு" என்றார் அவர். மேட்டுக்கு அப்பால் இன்ஜின் சத்தம் அடங்கும், அது பிரேக். பிறகு மெல்ல ஏறும். ஏறியது நடுவில் அறுந்தால் அவர் பயந்துவிட்டார் என்று அர்த்தம். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு நிமிஷம் அக்காவின் கவலைகூட மறந்துபோயிற்று.

முதல் சுற்றில் சத்தம் அறுந்தது. அடுத்ததிலும் அறுந்தது. பேசாவிட்டாலும் பேசப்போகிறாள் என்று எதிர்பார்த்து அவர் கண் போகிறதோ என்னவோ. முதலாளி நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். மூன்றாவது சுற்றில் அறுந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அதற்கடுத்த சுற்றில் சத்தம் அடங்கியது, மெல்ல ஏறியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். வண்டி கண்ணில் பட்டபோது அதன் வால் வெளிப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. சுற்றப்போகிறது என்று நான் வேலியை இறுக்கிப் பிடித்தேன். சத்தம் மட்டும் அறுபடவில்லை. வால் தானாக அடங்கியது. வண்டி சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு விளிம்பு வரை வந்து, நேராகி, எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"வந்துட்டாரு" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு வந்த எல்லாச் சுற்றிலும் அவர் ஒழுங்காகவே வந்தார்.

இறங்கியதும் கண்ணாடிக்கடைக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் வந்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. பேசறவங்க மொகத்தப் பாத்துதான் எனக்குப் பழக்கம். கடையில பாக்கலன்னா கஸ்டமர் கோச்சுக்குவாங்க. இன்னைக்கு நீங்க ஒண்ணும் பேசலயா, எனக்கு ரோட்டத் தவிரப் பாக்க ஒண்ணும் இல்ல" என்றார். அக்கா அவருக்குக் கை கொடுத்தாள். முதலாளி, "திங்கக்கிழமை சீட்டுலயே உக்காரட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் எங்கள் பழைய காரில் ஏறியதும் அன்றைய வீடியோவைப் பார்த்தோம். வால் நழுவிய அந்தச் சுற்று வந்தது. அவர் கண் அசையவே இல்லை, எங்கோ தூரத்தில் நின்றது. பக்கத்தில் அக்காவின் வாய் திறந்தது. சத்தம் வருவதற்குள் அவளுடைய கையே பாய்ந்து வந்து, முகத்தை மூடாத ஹெல்மெட்டுக்குள் நுழைந்து அவள் வாயைப் பொத்தியது. வளைவு முடியும்வரை அப்படியே பொத்தியிருந்தாள். கண்கள் பிதுங்கியிருந்தன. அந்தக் கண்களை எனக்குத் தெரியும். தினமும் எங்கள் கிளினிக் நாற்காலியில் பார்க்கிறேன்.

நான் கேட்பதற்குள் அவளாகவே போனை வாங்கித் தட்டி என்னிடம் நீட்டினாள்.

'அவங்க பயப்படறாங்கன்னு நெனச்சுத்தான் இத்தன வருஷம் பேசினேன். பயந்தது நான்தான்டீ. வாய் ஓடிக்கிட்டே இருந்ததால எனக்கே தெரியல.'

இரண்டு முறை படித்தேன். எத்தனையோ பேருக்கு 'பயப்படாதீங்க' என்று சொல்லிச் சொல்லியே குரலைத் தொலைத்தவள்.

"அப்ப திங்கக்கிழமை போகப்போறியா?" என்றேன்.

அவள் போனைத் திரும்ப வாங்கி, 'போவேன். இப்பதான் முதல்தடவையா அந்த வளைவ முழுசாப் பாத்தேன்' என்று தட்டிக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.