ஸ்வாவா நிறுத்திய பெல்ட்

ஸ்வாவா சாந்தமானவள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஒரே மீன் ஆலையில் அவள் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகக் காட் மீன் அறுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? சீட்டில் கள்ளாட்டம் ஆடுவாள். பிடிபட்டால் பிடித்தவளைத்தான் திட்டுவாள். அவள் பின்னிய ஸ்வெட்டர் எதிலும் இரண்டு கையும் ஒரே நீளத்தில் இருந்ததில்லை. அதைக் கூசாமல் பிறந்தநாள் பரிசாகத் தருவாள். நாங்களும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டு திரிவோம்.

எங்கள் ஐஸ்லாந்துக்காரர்கள் உயிரோடு இருக்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். செத்துப் போனால் மட்டும், அடக்கம் நடக்கும் நாளில், செய்தித்தாளில் அரைப் பக்கம் எழுதுவார்கள். கடைசி வரியில் குடும்பத்துக்கு அனுதாபம். ஸ்வாவா செத்ததும், அவளுக்கு நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது? எழுதினேன். மரியாதைக்காக அவள் மகன் ஹியால்தியிடம் முதலில் காட்டினேன்.

என் சமையலறையில் உட்கார்ந்து படித்தவன் பாதியில் வெளிறிப் போனான்.

"சித்தி, எல்லாம் சரி. இந்த பெல்ட் கதையை மட்டும் எடுத்துடு."

"ஏன்டா, பொய்யா எழுதியிருக்கேன்?"

"நிஜம்தான். அதுதான் வம்பு. ஸ்டூர்லா படிப்பான்ல? நான் அவன் படகுலதானே கேப்டன். இங்க மீன் பிடிக்கிற உரிமை பூரா அவன் கையில. இறக்கிவிட்டான்னா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"உங்கம்மா பயந்தாளாடா?"

"பயப்படல. அதுக்கு அப்புறம் பசிச்சது யாருக்கு? எனக்குத்தானே?"

அந்தக் கதை இதுதான். போலந்திலிருந்து வந்த ஹலினா ஒரு நாள் காய்ச்சலோடு நின்று மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தள்ளாடினாள். வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, "போறதா இருந்தா நேரா போலந்துக்கே போ" என்றான் ஆலை முதலாளி ஸ்டூர்லா. ஸ்வாவா கத்தியைக் கீழே வைத்தாள். போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மீனைக் கொண்டுவரும் பெல்ட் நின்றது. பொத்தானுக்கு முன்னால் ஒரு மீன் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஹலினா வீட்டுக்குப் போய்ப் படுக்கிற வரைக்கும் இது ஓடாது. முடிஞ்சா என்னைத் தூக்கிப் பாரு. நான் கனம் ஜாஸ்தி."

ஹலினா வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஸ்வாவாவின் வேலை போயிற்று. ஊரில் வேறு வேலை ஏது? மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் தரை துடைக்கப் போனாள். பனி விழுந்து பாதை மூடிவிட்டால் அவளால் திரும்ப முடியாது. அப்போதெல்லாம் பள்ளிப் பையன் ஹியால்தி என் வீட்டில்தான் சாப்பிடுவான். அம்மா எப்போது வருவாள் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆகையால் கதையை எடுத்துவிட்டேன்.

அடக்கத்தன்று காலையில் செய்தித்தாளைப் பிரித்தால், என் கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஸ்டூர்லாவின் கட்டுரை! 'ஸ்வாவா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஆலைக்கு விசுவாசமாக உழைத்து, தன் விருப்பப்படி ஓய்வு பெற்றார்.' அடப்பாவி! செத்தவள் எழுந்து வந்து மறுக்க மாட்டாள் என்ற தைரியம்.

தேவாலயத்தில் பார்த்தால் ஹியால்தியின் கோட்டுப் பையிலும் அதே செய்தித்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயக் கூடத்தில் காபிக்கு உட்கார்ந்தோம். ஊரே வந்திருந்தது. அதில் பாதிப் பேர் ஸ்டூர்லாவிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். ஸ்டூர்லா புகைபோட்ட ஆட்டிறைச்சி வைத்த ரொட்டியைத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அனுதாபம் சொல்ல ஹியால்தியிடம் கையை நீட்டினான்.

ஹியால்தி அந்தக் கையைப் பிடித்தான். விடவில்லை.

"ஸ்டூர்லா, எங்கம்மா தன் விருப்பப்படி ஓய்வு பெற்றாள்னு எழுதியிருக்கியே. அது எப்படின்னு இவங்களுக்குச் சொல்லு."

"இது அதுக்கான நேரமில்ல, ஹியால்தி."

"எழுத மட்டும் நேரம் இருந்துச்சா?"

ஸ்டூர்லா கையை உருவப் பார்த்தான். வலை இழுத்து இழுத்து உரமேறிய பிடி, அவ்வளவு லேசில் விடுமா? அந்தப் பிடியோடேயே ஹியால்தி முழுக் கதையையும் சொன்னான். காய்ச்சல், போலந்து, சிவப்புப் பொத்தான், தொட்டி, ஒன்றையும் விடவில்லை. "நான் கனம் ஜாஸ்தி" என்ற இடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நாளைக்குப் படகு கிளம்பணும். அது ஞாபகம் இருக்கட்டும்," என்றான் ஸ்டூர்லா, சிவந்த முகத்தோடு.

"எங்கம்மாவை நீ துரத்தினே. எனக்காக அந்தச் சிரமம் வேண்டாம், நானே இறங்கிட்டேன்," என்று சொல்லி ஹியால்தி அவன் கையை விட்டான். "இனிமே உன் படகை நீயே ஓட்டு."