இறால் மேல் போட்ட பழி

நோர்வே டாக்டரம்மாவுக்கு வெட்கம் என்பதே கிடையாது. புதிதாக வந்த எனக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டாள். கணவரோடு சேர்ந்தால் உடம்பு தடிக்கும் என்று அரைகுறை இங்கிலிசில் சொன்னேன். மழை எப்போது தொடங்கியது என்று விசாரிப்பதுபோல, "சேர்ந்து எத்தனை நிமிடத்தில்?" என்றாள். எனக்குக் காது சுட்டது.

மண்டூரில் கலியாணம் முடித்த புதிதில் இதைச் சொல்ல வாயே வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் மனிசனுக்குக் கிழமை முழுக்க வட்டை வெளியில் வயல் காவல். வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆற்று இறால் கொண்டுவருவார். அன்றைக்கெல்லாம் எனக்கு உதடு வீங்கும், உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். "றால் கிரந்தி மனே, உடம்புக்கு ஆகாது, தின்னாத" என்றாள் அம்மா. விட்டேன். பாவம் இறால்! அதைத் தின்னாமலே, அவரோடு சேர்ந்தால் தடித்தது. பயத்தில் விலகிப் படுத்தேன். தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார் மனிசன். கொடியில் கிடந்த உடுக்கிற சாரனை எடுத்துக்கொண்டு அக்கரையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை இறங்கிப்போன வீட்டை ஊர் சும்மா விடுமா? ஊர் கிடக்கட்டும், அவர் இல்லாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மட்டக்களப்பில் ஒரு பொம்பிளை டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு பிடி ஆணுறையைப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

"இதப் போட்டும் தடிக்குதா பாருங்க. தடிக்காட்டி அவர்ர விந்துதான் உங்கட உடம்புக்கு ஒத்துக்கொள்ளுதில்ல. அவர் இல்ல, விளங்குதா?"

சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் பொதியைப் பிரித்துச் சிரித்தான். செத்துப்போகலாம் போலிருந்தது. அப்படியே மாமியார் வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"அப்ப என்னை வேணாமெண்டு இல்லியா புள்ள?"

"வேணாமெண்டா இந்தக் கறுமத்த வச்சுக்கொண்டு ஆமிக்கு முன்னால நிண்டிருப்பனா?"

அழுதபடி சிரித்தார். அன்றே என்னோடு வந்தார். உறை போட்டால் ஒரு தடிப்புமில்லை. பிள்ளையும்தான் இல்லை. சண்டை முத்தியபோது ஒருவருக்குத்தான் வெளிக்கிட வழி கிடைத்தது. என்னை நோர்வேக்கு அனுப்பினார்.

"இதற்கு மருத்துவம் இருக்கிறது" என்றாள் நோர்வே டாக்டர். "அவருடைய விந்தையே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் உடம்பு ஏற்கும். பிள்ளையும் பெறலாம். அடுத்த கிழமை அவரையும் கூட்டி வாங்க." பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் களுவாஞ்சிக்குடி தொலைபேசிக் கடைக்கு வந்தபோது போனில் சொன்னேன்.

"மருந்தெண்டா தபால்ல அனுப்பிவிடன்."

"அனுப்பேலா. நீங்களும் இஞ்ச வரணும்."



"நான் வாற வரைக்கும் அந்த மருந்து பழுதாப் போகாதா, புள்ள?"

பழுதாகாது என்றேன். விசாவைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.