ஷோகேஸில் கிணற்றுத் தண்ணீர்

எங்கள் வீட்டு ஷோகேஸில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே எங்கள் கிணற்றுத் தண்ணீர். வருகிறவர்களெல்லாம் கங்கைத் தீர்த்தமா என்று கேட்பார்கள். அதைவிட உசத்தி என்பேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக் கிணறுகளில் பெட்ரோல் வாடை அடித்தது. முனையிலிருந்த பங்க்கில் பூமிக்கடி டேங்க் ஓட்டை. டேங்க்கை மாற்றியும் வாடை போகவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் பெட்ரோலைத் தின்றுவிடும் என்று என் தங்கை சொன்னபோது தெருவே சிரித்தது. அவள் ஆராய்ச்சியே அதுதான். இரண்டு மழைக்காலம் போனதும் வாடை குறைய, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "மழைத் தண்ணி கலந்து நீர்த்துப் போயிருக்கும்மா" என்று அவளுடைய பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அது உண்மையென்றால் அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

"இல்லேன்னு எப்படிடி நிரூபிப்பே?" என்றேன். என் மடியிலிருந்த மிக்சர் டப்பாவைப் பிடுங்கிக் காட்டினாள். "வேர்க்கடலையா பொறுக்கித் தின்னுட்டு ஓமப்பொடிய விட்டு வெச்சிருக்கே பாரு. டப்பாவைப் பார்த்தாலே நீ கை வெச்சது தெரியுதில்ல? கார்பன்லயும் லேசானது, கனமானதுன்னு ரெண்டு இருக்குண்ணா. கிருமி லேசானதைத்தான் முதல்ல தின்னும். மிச்சமிருக்கிற பெட்ரோல்ல கனமானது கூடிடும். மழைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது."

ஒரு ஞாயிறு முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எடுத்தோம். குப்பியில் கடுகளவு குமிழிகூட இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவியாகி அதற்குள் போய்விடுமாம். ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். குமிழி தெரிந்தால் கொட்டிவிடுவாள். "இத்தினூண்டு குமிழிடி, யார் பார்க்கப் போறா?" என்று கத்தினேன். "நான் பார்த்துட்டேனே" என்றாள். மறுபடியும் எடுத்தோம்.

லேசான கார்பனையும் கனமானதையும் பிரித்து அளக்கிற மெஷின் தாம்பரத்தில் ஏது? ஐஸ் பெட்டியில் வைத்து வடக்கே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். மிஞ்சிய குப்பி என்னிடம் தங்கியது. முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. "அண்ணா, பங்க்கிலேர்ந்து தள்ளிப் போகப் போக கனமானது கூடிக்கிட்டே போகுது. தின்னிருக்குண்ணா! தின்னிருக்கு!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "யாருடா, என்னத்தைத் தின்னாங்க?" என்று அம்மா பதறி ஓடிவந்தாள். பேராசிரியரே "நான் சொன்னது தப்பும்மா" என்றாராம். அன்று சாயங்காலம் பீச் லோக்கல் ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் என் தங்கை கதையைச் சொல்லிக்கொண்டு போனேன்.

இன்று அவளே பேராசிரியர். போன பொங்கலுக்கு வந்தவள் ஷோகேஸைத் திறந்து, பழக்கதோஷத்தில் அந்தக் குப்பியைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தண்ணீர் வற்றி, பட்டாணி அளவுக்குக் குமிழி விழுந்திருந்தது.

"இது செல்லாதுண்ணா. கொட்டிடு."

"கொன்னுடுவேன்" என்று பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன்.