கடல் பக்கம் மேல்

கொளஞ்சிக்கு எழுத்துதான் வராது, நம்பர் தண்ணி பட்ட பாடு. மழை பிடித்து உப்பளம் மூடிவிட்டால் மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிப் பக்கம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டக் கிளம்பிவிடுவான். பிளானில் பத்து என்றிருந்தால் பத்து எம்எம் கம்பி. பக்கத்தில் நூற்றைம்பது என்றிருந்தால் கம்பிக்குக் கம்பி அரை அடி. இதெல்லாம் அத்துபடி. ஆனால் எந்தக் கம்பி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இதுவரை மேஸ்திரிதான் சொல்லிவந்தார்.

இந்தத் தடவை மேஸ்திரி இல்லை. மகள் வினோதினி, "எங்கப்பாவே பிளான் பாத்துக் கட்டுவாரு" என்று மாமியார் விஜயலட்சுமியிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். கட்டுவது அவளுடைய வீட்டுக் கூரை. புகுந்த வீட்டில் அவள் சொன்ன சொல் நிற்க வேண்டுமே என்றுதான் மனுஷனுக்குப் பயம்.

மறுநாள் கான்கிரீட். இன்ஜினியர் ரேணுகா ஏணியேறி வந்து பார்த்தாள்.

"அண்ணே, பெரிய கம்பி ஏன் இப்படிப் போகுது?"

"பிளான்ல அப்படித்தான மேடம் இருக்குது?"

தாளின் மேல் விளிம்பைக் கிழக்கே கடலைப் பார்த்து வைத்து விரித்துக் காட்டினான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பிளான்ல மேல இருக்கிறது வடக்குண்ணே!"

அட, அவன் என்ன கண்டான்? உப்பளத்தில் தண்ணீர் வருகிற கடல் பக்கம்தான் மேல். அங்கிருந்துதான் பாத்தி பாத்தியாக இறங்கும். பிறந்ததிலிருந்து அவனுக்கு அதுதான் மேல். கம்பி அளவுகளையும் நெடுக்கும் குறுக்குமாக எழுதித் தொலைத்திருந்தார்கள். தாளை எப்படிப் பிடித்தாலும் பாதி எழுத்து படுத்துத்தான் கிடக்கும். ஹாலும் சரியான சதுரம், அதைப் பார்த்தும் திசை பிடிபடாது.

"கம்பி அதே கம்பிதான மேடம்?"

"பாரம் தாங்குற பீம் வடக்கயும் தெக்கயும் இருக்குது. பெரிய கம்பி பீமுக்குப் பீம் ஓடணும். கடல் பக்கம் வெறும் தடுப்புச் செவுருண்ணே. எல்லாத்தையும் அவுத்துக் கட்டுங்க. நாளைக்கு கான்கிரீட் வேணாம்."

அவள் போனதும் தாளைத் திருப்பினான். சரியாக இருந்தது போலிருந்தது. இன்னொரு முறை திருப்பினான், மறுபடி கடல் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழித்தான்.

"சம்பந்தி, முடிஞ்சுதுங்களா?" கீழேயிருந்து விஜயலட்சுமி கேட்டாள். பக்கத்தில் வினோதினி.

பிளானே தப்பு என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லங்க. நான்தான் தப்பாக் கட்டிட்டேன். எல்லாத்தையும் அவுக்கணும்."

மகளின் முகம் செத்துப்போயிற்று. அவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. வினோதினி விடுவிடென்று ஏணியேறி வந்தாள். நல்ல வசவு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப என்னப்பா செய்யணும்?"

"சத்தியமா ஒண்ணும் புரியல வினோ. பேப்பரைத் திருப்பத் திருப்ப எல்லாம் கொழம்பிப்போவுது."

அவள் வடக்கு பீமின் மேல் போய் நின்றாள்.

"பேப்பரோட மேல் பக்கத்த என்னப் பாத்து வச்சுக்கப்பா. நீ கட்டி முடிக்கிறவரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்."

"மாமியாரு கூப்டுவாங்களேம்மா."

"கூப்டட்டும்."

கொளஞ்சி மகளைப் பார்த்துத் தாளை விரித்தான். கண்ணீரில் நம்பர்கூடத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து முதல் கட்டை அவிழ்த்தான்.