பேசாத படத்தில் அவன் பேசியது

அவன் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேமராவை நிறுத்தவில்லை.

இதுதான் நான் செய்தது. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று தெரியாததால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது... காறித் துப்பினாலும் என் காதில் விழாதல்லவா!

காசிம் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். போர்ட் பிளேர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தான். நான் அதே ஊரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் கல்யாண வீடியோ எடுப்பவன். மாலை மாற்றுவதையும் பந்தியில் சாம்பார் ஊற்றுவதையும் எடுத்து எடுத்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. மேல்நாட்டில் அந்தக் காலத்தில் எடுத்த ஊமைப் பேய்ப்படங்களை ராத்திரியெல்லாம் போனில் பார்ப்பேன். சுவரில் நீளும் நிழல், குழிந்த கண், பேச்சே இல்லாத பயம்... சாவதற்குள் அப்படி ஒன்று எடுத்துவிட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது.

இரத்தக் காட்டேரிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. காசிம் ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பான். கேட்டதும் சிரித்தான். "அரே, செருப்பு விக்கிறவன காட்டேரி ஆக்குறியா? சலோ, பாத்துருவோம்!"

எங்களிடம் என்ன இருந்தது? கல்யாண கேமரா ஒன்று. யாரோ மாப்பிள்ளை போட்டுக் கழித்த கோட்டுக்குக் கறுப்புச் சாயம். முகத்துக்கு அரிசி மாவும் பவுடரும். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று இரத்தத்துக்குக் கருப்பட்டிப் பாகு. எறும்பு மொய்த்து அவன் குதித்த குதியில் ஒரு நாள் படப்பிடிப்பே நின்றுபோனது!

இரவுக் காட்சிக்கு விளக்கு வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். நாங்கள் எங்கே போவது? உச்சி வெயிலில் எடுத்துக் கம்ப்யூட்டரில் இருட்டாக்கினேன். வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ, படத்தில் நிலா அவ்வளவு துலக்கமாக விழும். சூரியனைக் கண்டால் சாகவேண்டிய பிறவியைப் பகல் முழுக்க வெயிலில் நிறுத்திவைத்தேன். அவனும் கோட்டுக்குள் வெந்துகொண்டே நின்றான். எனக்காக!

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலிப்பதிவு கிடையாது. உதடு அசைந்தால் போதும், வசனத்தை நான் பிறகு திரையில் வரும் எழுத்தட்டையில் போட்டுக்கொள்வேன். ஆகவே கேமரா ஓடும்போது காசிம் வாய்க்கு வந்ததைப் பேசுவான். கதாநாயகியின் கழுத்தருகே குனிந்து, முகத்தில் அத்தனை கொடூரத்தோடு, "நாளைக்குக் கடைக்கு வாங்க, ஹவாய் செருப்புல தள்ளுபடி தர்றேன்" என்பான். என்னை வாய் கூசாமல் திட்டுவான். "ஐயோ செத்தேன், என்னய விடுறா" என்று அலறுவான். எல்லாம் விளையாட்டு. அவன் கத்தக் கத்த நான் சிரித்துக்கொண்டே எடுப்பேன்.

ஆனால் எங்களுக்குள் ஒரு சொல் இருந்தது. 'சச் மே.' உண்மையாகத்தான் என்று பொருள். தீவில் எல்லோரும் பேசுகிற ஹிந்திதான். பள்ளிக்கூட நாளிலிருந்து, யார் 'சச் மே' என்று சொன்னாலும் அதோடு விளையாட்டு முடிந்தது. அதை வைத்து நாங்கள் பொய் சொன்னதே இல்லை.

கடைசிக் காட்சி. பெரார்கஞ்சில் பாக்குத் தோப்பை ஒட்டி, பாழடைந்த மர பங்களா. சவப்பெட்டியிலிருந்து எழும் காட்டேரி நெஞ்சில் மரமுளை பாய்ந்து சாக வேண்டும். அவனும் நானும் மட்டும்தான் இருந்தோம். ஜீப் ஓட்டி வந்த பிமல் ரோட்டோரம் தூங்கிக்கொண்டிருந்தான்.

வந்ததிலிருந்தே காசிம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "என்னமோ கரிக்குதுடா." "காலைல தின்ன பூரிடா, சோடா குடிச்சா சரியாயிரும்" என்றேன். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழைக்காலம் இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. என் கண் முழுக்க வானத்தில்தான் இருந்தது.

கேமராவை ஓடவிட்டேன். பெட்டியிலிருந்து எழுந்தான். நெஞ்சில் கை வைத்தான். கண்கள் பிதுங்கின.

"நிப்பாட்டுடா... மூச்சு வரல."

சிரித்தேன். ஆமாம், முதலில் சிரிக்கத்தான் செய்தேன்!

"சச் மே டா... சச் மே."

தெளிவாகக் கேட்டது. தோப்பில் இலைகூட அசையவில்லை. கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? லென்ஸைத் திருப்பி அவன் முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தேன். "அப்படியே இரு காசிம்! சூப்பர்! அப்படியே!" என்று கத்தினேன்.

அவன் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கெஞ்சினான்... என்னிடம் கெஞ்சினான்!

பிறகு மேகம் சூரியனை மூடியது. வெளிச்சம் போனதால் நிறுத்தினேன். அவனுக்காக நிறுத்தவில்லை.

ஜீப்பில் என் மடியில் கிடந்தான். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் போய்விட்டான். முன்னாலேயே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

அவன் மனைவி நூர்ஜஹான் ஓடிவந்தாள். அந்த மாவு அப்பிய முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல தங்கச்சி. நடிச்சுக்கிட்டே இருந்தான்... அப்படியே சாஞ்சுட்டான். வலியே தெரிஞ்சிருக்காதும்மா."

அவள் தலையாட்டினாள். இன்றுவரை அந்த ஒன்றை வைத்துத்தான் தூங்குவதாகச் சொல்கிறாள். அதை எப்படிப் பிடுங்குவேன், சொல்லுங்கள்!

அந்தக் காட்சியை அழித்திருக்கலாம். மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது... சீ! அசையும் அந்த உதட்டுக்கு ஏற்ற வசனம் தேடி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து எழுதினேன்.

'காத்திரு! நான் திரும்பி வருவேன்!'

மெயின்லேண்டில் ஒரு சின்னப் பட விழாவில் திரையிட்டார்கள். சாவை ஒரு மனிதன் இவ்வளவு தத்ரூபமாக நடிக்க முடியுமா என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

அவன் முகம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று நூர்ஜஹான் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போனில் கேட்டு வாங்கினாள். மகள் ஆயிஷா அப்போது கைக்குழந்தை. இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

பெருநாளுக்குப் போனபோது போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, "காத்... திரு... நான்... திரும்பி..." என்று வாசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, அத்தா கப்பல்ல வருவாரா, பிளைட்லயா?"

நூர்ஜஹான் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு அது. நான் என்ன சொன்னேன்? "கப்பல்ல" என்றேன்! வாய் தானாகச் சொன்னது. சொல்லிப் பழகிய வாய்...

அன்றிலிருந்து சென்னைக் கப்பல் வருகிறதென்று காதில் விழுந்தால் போதும், அவள் அழத் தொடங்கிவிடுகிறாள். செருப்புக் கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் நூர்ஜஹானால் அதை விட்டு நகர முடிவதில்லை. "நீங்க சொன்னதுதானே அண்ணே, ஒருவாட்டி காட்டிட்டு வாங்க, ஓஞ்சுருவா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒருமுறையோடு ஓயவில்லை. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் வாசலில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பெட்டியும் அட்டைப்பெட்டியுமாக ஆட்கள் இறங்கி வருகிறார்கள். உயரமான ஒவ்வொருவனையும் கண்டு அவள் கால்கள் என் நெஞ்சில் உதைத்துக்கொள்கின்றன. கடைசி ஆள் போய், கேட்டை இழுத்துச் சாத்தும்வரை இறங்கமாட்டாள்.

போன தடவை என் கண்ணைப் பார்த்துவிட்டாள். குனிந்து, தன் பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதீங்க மாமா. அடுத்த கப்பல்ல வந்துருவாரு."

சரி என்றேன்.