ஒரு வாய் மீன்

சண்டையில் ஊர் முழுதாக இடம்பெயர்ந்த பிறகு அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கொழும்பில் இருந்த மச்சான் ஏதும் அறிந்தால் அழைப்பதாகச் சொல்லியிருந்தான். அதனால், கடல் கடந்து வந்து நான் குடியிருந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில், வேலை இல்லாத நேரமெல்லாம் டெலிபோனுக்குக் காவல் இருந்தேன். கோழி பொரிக்கிற கடையில் எனக்கு வேலை. அங்கே ஓசியில் கிடைத்த கோழிதான் மூன்று வேளையும் சாப்பாடு. நாக்குக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

அப்படியிருக்க, என்னோடு குடியிருந்த அண்ணை ஒரு ஞாயிறு காலை தூண்டில்களோடு வந்து நின்றார். இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிவிட்டு மத்தியானம் வரை குறட்டை விடுகிற மனிதர் அவர்.

"வெளிக்கிடு தம்பி. சால்மன் பிடிக்கப் போவம்."

"போன் வந்தா ஆர் எடுக்கிறது?"

"போன் வராது. வா."

எரிச்சலாக இருந்தது. வயதுக்கு மரியாதை கொடுத்துக் காரில் ஏறினேன்.

கிழக்கே ஒரு மணித்தியாலம் ஓடி ஓர் ஆற்றங்கரையில் இறங்கினோம். ஏரியிலிருந்து சால்மன் முட்டையிட ஏறி வருகிற காலம் முடிந்துகொண்டிருந்தது. கரை நெடுக, முட்டையிட்டு முடித்துச் செத்த மீன்கள். நாற்றம் தாங்க முடியவில்லை, குளிரில் விரல்கள் விறைத்தன. அண்ணை தன் தூண்டிலைத் தொடவேயில்லை. ஒரு கல்லில் குந்தியிருந்து சிகரெட் ஊதினார். "தம்பி" என்பார். நான் திரும்பினால், "குளிருதோ?" என்பார். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் இழுத்து வந்தார் என்று மனதுக்குள் திட்டினேன்.

பின்னேரம் ஒன்று மாட்டியது. என் கை நீளம் இருக்கும். கரையேற்றியபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"உந்த மீனை ஆத்திலயே விடு தம்பி."

"ஏன் அண்ணை, விரதமோ?"

அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே வெட்டினேன். சதை வெளிறிப்போய், மீனா வாழைத்தண்டா என்று கேட்கும்படி இருந்தது. பழப்புளி கரைத்து, தகரத் தேங்காய்ப்பால் விட்டு, அம்மா வைக்கிற மாதிரிக் குழம்பு வைத்தேன். அம்மா கிடைத்ததும் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சோற்றோடு பிசைந்து முதல் வாயைத் தூக்கியபோது அண்ணை பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சோறு மேசையில் சிந்தியது.

"நீ மீன் தின்னக் கூடாதடா தம்பி."

அன்று வெள்ளிக்கிழமை அல்ல, விரத நாளும் அல்ல. பெற்றவர் செத்தால் முப்பத்தோராம் நாள் வரை பிள்ளைகள் மீன், இறைச்சி தொடுவதில்லை. வேறு எதற்காக என்னை மறிப்பார்?

"அம்மாவோ?"

"நேற்று நீ வேலையில நிக்கேக்க மச்சான் எடுத்தவன். ஆத்தங்கரையில ஆறுதலாச் சொல்லுவம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனனான். வாய் வரேல்லையடா."

"எப்பவாம்?"

"ரெண்டு கிழமையாச்சாம். இடம்பெயர்ந்த இடத்தில காய்ச்சலாம்."

குழறி அழுதேன். அண்ணை சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினார். அந்த இரண்டு கிழமையும் காலை, மத்தியானம், இரவு என்று நான் கோழி தின்றிருக்கிறேன். அண்ணை மறித்தது ஒரு வாயை மட்டும்தான்.